கதவுக்குக் கூலி

முப்பத்து மூன்று நொடி சரியாக விழுந்தான்.
தரையில் ஊதா வட்டம், கூரையில் மஞ்சள் வட்டம்,
ஊதாவில் நுழைந்து மஞ்சளில் வந்து
மறுபடி ஊதாவுக்கு.
அறையின் உயரம் பத்தடிதான்.
அவன் விழுந்த தூரம் ஐந்தரை கிலோமீட்டர்.
வேகத்தை எழுதிவைக்க நான் கொடுத்த பெட்டியில்
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைதான் இடம்.
அடுத்த எண் வந்ததும்
முன்னால் ஒரு கழித்தல் குறி முளைத்தது.
பையன் மேல்நோக்கி விழ ஆரம்பித்தான்.

காட்பாடி காந்தி நகர், மருந்துக்கடை மாடி.
மே மாதம், இரவு பத்தரைக்கும் சுவர் சுடுகிறது.
குமுதவல்லி பிழைப் பட்டியலில் ஏற்றினாள்:
"நூற்றிப் பதினெட்டு. பாவம், தலைகீழாப் போறான்."

முஸ்தாக்குக்கு அதுவல்ல பிழை.
பேரணாம்பட்டுக்காரன், தோல் மண்டிக் கணக்கில் வளர்ந்தவன்,
எதைக் காட்டினாலும் கூலி யார் தருவது என்பான்.
"கீழேருந்து மேலே போக உழைப்பு வேணும்.
உன் கதவு சும்மா ஏத்தி விடுது.
நிஜத்துல இப்படி ஒண்ணு இருந்தா
ஈர்ப்பு அதுக்குள்ளயும் கசியும்.
கால் வைக்கிறவனைப் பின்னால தள்ளும்.
ஏறவேண்டிய உயரம் அத்தனைக்கும்
நிலைப்படியிலேயே வசூல்."

அப்படியே எழுதிப் பார்த்தோம்.
குமுதவல்லி பொத்தானை அழுத்தி அழுத்திச் சலித்து
"கதவா இது, வள்ளிமலைப் படியா?" என்றாள்.

கூலி கேட்காத கதவையே திரும்ப வைத்தோம்.
ஆனால் அதற்குக் காற்றும் அடங்காது.
ஒன்றை இங்கே, ஒன்றை ஜவ்வாது மலையில் வைத்தால்
வேலூர் வெக்கை மொத்தமும்
ஜமுனாமரத்தூரில் போய்க் கொட்டும்.
அவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.
பாலாற்று மணலில் ஒன்று, பாலத்தின் அடிவயிற்றில் ஒன்று:
ஒரு குடம் தண்ணீர் போதும்,
விழுந்துகொண்டே இருக்கும்,
நடுவில் சக்கரம் வைத்தால் மாவட்டத்துக்கே கரண்ட்.
"அந்த ஒரு குடத்துக்கு எங்கே போறது?"
மறுபடி குமுதவல்லி.

பால்கனிக்கு வந்தேன்.
கிழக்கிலிருந்து வந்த வண்டி ஆட்களை இறக்கியிருந்தது.
எக்ஸ்ரே உறை, சுருட்டிய போர்வை,
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றும் ஒருவர்.
வங்காளத்தில் பேரம்;
ஆட்டோக்காரரும் வங்காளத்திலேயே நூற்றைம்பது என்கிறார்.

இவர்களுக்கு ஒரு கதவு வைக்கலாமே என்றுதான் தோன்றியது.
அங்கே ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று.
கை தானாகக் கணக்குப் போட்டது.
சுழலும் பூமி, நடுக்கோட்டை நெருங்க நெருங்க வேகம் கூடும்.
கொல்கத்தாவை விட வேலூர்
மணிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் அதிகமாகக்
கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது.
அங்கே சும்மா நின்றவர் இங்கே கால் வைத்தால்
அந்த வேகத்தில் மேற்குச் சுவரில் மோதுவார்.
ஸ்ட்ரெச்சரில் வருபவரை
எந்தக் கதவு மெல்ல இறக்கும்?

ரயில் இறக்கியிருக்கிறது.
ஒன்றரை நாளாக,
தூங்குபவர் அறியாமல், இருமுபவர் அறியாமல்,
எண்பத்தைந்தையும் சில்லறை சில்லறையாக
அவர்கள் உடம்பில் ஏற்றி
இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.
டிக்கெட்டில் அதற்கென்று தனி வரி இல்லை.

உள்ளே வந்தேன். யாரும் அவனை நிறுத்தவில்லை.
எத்தனையாவது சுற்றோ,
கழித்தல் குறியோடு ஏறிக்கொண்டிருந்தான்.
ஈர்ப்பு மட்டும் விடாமல்
காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
வேகம் குறைந்து, குறைந்து,
ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவே
பூஜ்யம்.
கை கால் தொங்க ஒரே ஒரு கணம்
நிற்க இடமில்லாத இடத்தில் நின்றான்.

"நூற்றிப் பதினெட்டைச் சரி பண்ணியாச்சா?"
நாளைக்கு, என்றேன்.